நாற்பது நாள் பேசாத பெட்டி

மார்ச் 1, சனிக்கிழமை

ஜெனோவா இன்று என்னை வீட்டை விட்டு இழுத்துக்கொண்டு போனாள். "ஒம்பது மாசமா இந்த நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. லூசியானாவுல இருக்கோம்னு ஞாபகம் இருக்கா?" என்றாள். என் மனைவி நெல் ஆராய்ச்சிக்காரி. திருச்சியில் வயல் வயலாகத் திரிந்தவள் இங்கும் வயல் வயலாகத் திரிகிறாள். ஊர் மாறியதே அவளுக்குத் தெரியவில்லை. நான் அவளைச் சார்ந்து வந்தவன் என்று விசாவில் ஒட்டியிருக்கிறார்கள். வேலை பார்க்கக் கூடாது. பாத்திரம் கழுவலாம்.

போன இடம் ஓப்பலூசாஸ் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கூடம். காலை ஒன்பது மணிக்கு முட்டையும் சோறு அடைத்த தொத்திறைச்சியும் தின்றுவிட்டு மனிதர்கள் ஆடுகிறார்கள். கறுப்பினக் கத்தோலிக்கர்கள், பாட்டன் காலத்தில் வீட்டில் பிரெஞ்சு பேசியவர்கள். தங்களைக் கிரியோல் என்கிறார்கள். அவர்கள் இசைக்கு ஸைடெகோ என்று பெயர். பீன்ஸைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் தேய்ந்து அப்படி ஆனதாம். எழுபது வயதுக்காரர் ஒருவர் கூரைத் தகடு போன்ற நெளித்தகட்டைச் சட்டையாகத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் சோடா ஓப்பனர் வைத்து நெஞ்சையே சுரண்டிக்கொண்டிருந்தார். ஒருவர் வயலின், ஒருவர் டிரம். நடுவில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா, மடியில் சின்ன அக்கார்டியன். பத்தே பொத்தான். துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் இன்னொரு சுரம்.

நாலாவது பொத்தானை இழுக்கும்போது உள்ளே துடிக்கும் உலோக நாக்கு, ஒரு ரீடு, தாமதமாகப் பேசியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வருஷமா அப்படித்தான் இருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிருந்தேன்" என்றார். (அவர் பேசியது இங்கிலீஷ். என் நாட்குறிப்பில் எல்லோரும் தமிழில்தான் பேசியாக வேண்டும்.)

ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் குடும்பம் என்று சொன்னேன். ஜெனோவா பக்கத்திலிருந்து சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை. நான் அப்படியொன்றும் ஆர்வமாகப் பேசவில்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அந்த அக்கார்டியன் அம்மா, ஓடீல் லெமெல், வந்தார். இங்கே பெரிய பெண்களைப் பெயருக்கு முன்னால் "மிஸ்" போட்டு அழைப்பதுதான் மரியாதையாம். அதனால் மிஸ் ஓடீல். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலையிலும் பிற்பகலிலும் பேருந்து, சனிக்கிழமை பெட்டி. நாங்கள் ஆர்மோனியத்தைச் சொல்வதுபோலவே அவர்களும் அக்கார்டியனைப் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். வியான்னி என்ற என் பெயரை முதல் தடவையிலேயே சரியாகச் சொன்ன அமெரிக்கர் இவர் ஒருவர்தான். பிரெஞ்சுப் புனிதரின் பெயர் அல்லவா.

பெட்டியைத் தலையணை உறையில் சுற்றிக் கொண்டுவந்தார். அது அவர் அப்பாவின் பெட்டி. அப்பா போய்ப் பதினொரு வருடம்.

"தவக்காலம் நாப்பது நாளும் இது பேசக் கூடாது. எங்க வீட்டு வழக்கம் அது. எல்லாரும் இப்ப அத பாக்கறதில்ல, நாங்க பாப்போம். அதனால ரிப்பேருக்கு இதுதான் நேரம்."

"சரிபாக்க நான் ஊதித்தான ஆகணும், மிஸ் ஓடீல்?"

"நீங்க ஊதலாம், அது வேலை. நான் கேக்கக் கூடாது, அவ்வளவுதான். ஈஸ்டர் திங்கக்கிழமை மதியம் பங்கு மண்டபத்துல ஆட்டம் இருக்கு. அப்பா ஆரம்பிச்சு வெச்சது. அதுக்கு எனக்கு இது வேணும். வேற பெட்டி வாங்கிப் பாத்தேன், கை வரல."

என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததா? என்ன வேணுமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சும்மா ஒரு பொழுதுபோக்குக்குத்தான் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டேன். அரம், சுரண்டி, தேன்மெழுகு எல்லாம் என் சூட்கேஸில் இருக்கின்றன. திருச்சியிலிருந்து வரும்போது ஏன் எடுத்துவந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 8, சனிக்கிழமை

திறந்தேன். பத்துப் பொத்தானுக்குப் பின்னால் எண்பது ரீடுகள், பொத்தானுக்கு நான்கு வரிசை, வரிசைக்குத் தள்ள ஒன்று, இழுக்க ஒன்று. ஆர்மோனியத்தில் பித்தளை, இதில் எஃகு. மற்றபடி ஒரே குடும்பம்தான், காற்று வந்தால் துடிக்கிற நாக்கு. உள்ளே தவிடு மாதிரி ஏதோ தூசி. நெல் விளையும் ஊர், தவிடாகவே இருக்கலாம். ஜெனோவாவிடம் காட்டினேன். முகர்ந்துவிட்டு, தவிடுதான் என்றாள்.

சில ரீடுகளின் அடிப்பக்கத்தில், ஆணிக்கு அருகே, சுரண்டல் தடம் இருக்கிறது. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். யாரோ அரைகுறை கைவைத்திருக்கிறான். மரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் வேறு.

மார்ச் 11, செவ்வாய்

தாமதமாகப் பேசிய ரீடு சரியாகிவிட்டது. தோல் வால்வு சுருண்டிருந்தது, மாற்றினேன். அரை மணி நேர வேலை.

இத்தோடு மூடிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஃபோனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து ஒவ்வொரு சுரமாக ஊதிப் பார்த்தேன். ஸா சரி. பா சரி. கா, அதாவது காந்தாரம், இறங்கி நிற்கிறது. ஓர் அரைச் சுரத்தை நூறு பங்கு போட்டால் பதினான்கு பங்கு கீழே. மூன்று பொத்தான்களில் காந்தாரம் வருகிறது, மொத்தம் பன்னிரண்டு ரீடு. பன்னிரண்டும் ஒரே அளவு இறக்கம். அந்த அரைகுறையின் வேலைதான். சரிசெய்து கொடுத்தால் அந்த அம்மா அசந்து போவார்.

செயலி இல்லாமல் நான் சுருதி சேர்ப்பதில்லை. என் அப்பா காதால்தான் சேர்த்தார். காலம் மாறிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

நான்கு ரீடு முடிந்தது. முதுகு வலி. நான் வைத்த மீன் குழம்பு நன்றாக இருந்ததாம், ஜெனோவா சொன்னாள்.

மார்ச் 15, சனிக்கிழமை

பன்னிரண்டும் முடிந்தது. எதை ஊதினாலும் செயலியின் முள் நட்டநடுவில் நிற்கிறது. இங்கு வந்தபிறகு ஒரு வேலையை ஆரம்பித்து முடித்திருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது, அதை மறைப்பானேன்.

ஜெனோவாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நம்ம கோயில்ல இருக்கற கீபோர்டு மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது.

மார்ச் 21, வெள்ளி

தவக்கால வெள்ளி என்றால் இங்கே பங்கு மண்டபத்தில் மீன் வறுவல். மிஸ் ஓடீல் அழைத்திருந்தார். பெட்டி முடிந்துவிட்டது என்று சொல்லும் நினைப்போடுதான் போனேன்.

சாப்பிட்டு முடித்ததும் மேசைகளை ஓரம் தள்ளினார்கள். நாற்பது பேர் வட்டமாக நின்றார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை. தகட்டுச் சட்டைக்காரரும் (மிஸ் ஓடீலின் அண்ணன் அல்ஃபோன்ஸ்) வெறும் சட்டையில்தான் வந்திருந்தார். அவர் ஒரு காலால் தரையை மிதித்தார். கைதட்டல் அந்த மிதிக்கு நடுவே நடுவே விழுந்தது. மிஸ் ஓடீல் ஒரு வரி பாட, மற்றவர்கள் மறுவரி. பழைய பிரெஞ்சு. பாதி செபம், பாதி வம்பு என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

"இதுக்குப் பேரு ஜுரே" என்று அல்ஃபோன்ஸ் மூச்சு வாங்க விளக்கினார். "தவக்காலத்துல ஃபிடில் கிடையாது, பெட்டி கிடையாது. எங்க பாட்டன் பாட்டிமாருங்க காலும் கையும் போதும்னு இருந்தாங்க. நாங்க சனிக்கிழமை வாசிக்கறதெல்லாம் இதுலேர்ந்து வந்ததுதான். நான் தகட்டுல சுரண்டறேனே, அது இந்தக் கைதட்டு. டிரம் இந்தக் காலு."

எங்கள் ஊரிலும் தபசுகாலத்தில் மேளம் கிடையாது, வெறும் குரலில் ஒப்பாரி போலப் பாடுவோம் என்று சொன்னேன். அவர் ஆர்வமாக நிறையக் கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே இருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன்.

பாட்டு மறுபடியும் எழும்ப, அதன் காந்தாரம் என் காதில் விழுந்தது. நாற்பது பேரும் அதை ஒரே இடத்தில் வைத்தார்கள். ஃபோன் முள் நடுவில் நிற்கும் இடத்தில் அல்ல, அதற்குக் கீழே. தம்பூராவை மீட்டிவிட்டுச் சும்மா இருந்தால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அடியில் தானாகக் கேட்குமே, அந்த இடம். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த இடம்.

பெட்டி இந்தக் குரல்களோடு சேர்ந்திருந்தது. அதை நான் பிரித்துவிட்டேன்.

மிஸ் ஓடீல் வந்து, "பெட்டி எப்படி இருக்கு?" என்றார்.

"நடந்துக்கிட்டு இருக்கு" என்றேன்.

மார்ச் 24, திங்கள்

ஜெனோவா வேலைக்குப் போனதும் திறந்தேன். பதினான்கு பங்கு இறக்கிவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். பழைய கணக்கைப் பார்க்க இந்த நாட்குறிப்பைப் புரட்டினேன். "பன்னிரண்டும் ஒரே அளவு இறக்கம்" என்று எழுதியிருக்கிறேன்.

அது பொய். நான்கைத்தான் அளந்தேன். மற்ற எட்டும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டிச் சுரண்டிவிட்டேன், அவை முன்பு எங்கே நின்றன என்று இனித் தெரியாது. கைவைக்கும் முன் ஒவ்வொன்றையும் அளந்து எழுது என்பது எங்கள் பட்டறையில் பொடிப்பயலுக்குச் சொல்லும் முதல் பாடம்.

மார்ச் 25, செவ்வாய்

இறக்கப் பார்த்த முதல் ரீடே கையில் உடைந்தது. ஏற்கெனவே அடியில் தேய்ந்திருந்த இடத்தில் மறுபடியும் சுரண்டினால் வேறென்ன ஆகும்?

மார்ச் 28, வெள்ளி

மறுபடியும் மீன் வறுவல். பாட்டை ஃபோனில் பதிவுசெய்து வந்து செயலிக்குக் கொடுத்தேன். கைதட்டலிலும் கால்மிதியிலும் முள் பேயாட்டம் ஆடுகிறது. அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது காரில் ஜெனோவா, "என்னத்த மறைக்கிறீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். "பத்து நாளா அந்த மேசை மேல துணி போத்தி வெச்சிருக்கீங்க. செத்த வீடு மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"சோதனை வயல்ல நான் ஒரு வரிசை நாத்தைத் தப்பா பிடுங்கிட்டேன்னா, அன்னிக்கே பலகையில எழுதிடணும். மறைச்சா மத்த வரிசையோட கணக்கும் கெட்டுப்போயிரும். அந்தம்மாகிட்ட நாளைக்கே சொல்லுங்க."

"ரீடை மட்டும் சரி பண்ணிட்டேன்னா..."

"எதுக்குங்க அந்த ஃபோனையே பாத்து வேலை செஞ்சீங்க? உங்க காதுக்கு என்ன?"

அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள். ஆறு வருடம் முன்பு பஜனைக் குழுக்காரர் ஒருவர், நான் சேர்த்துக் கொடுத்த ஆர்மோனியத்தைக் கடைக்கே திரும்பக் கொண்டுவந்து, ஃபோனை அதன்மேல் வைத்து, பத்துப் பேர் பார்க்க முள்ளைக் காட்டினார். காந்தாரம்தான். இறங்கியிருந்தது. என் அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து சுருதி வேலையை அண்ணனே எடுத்துக்கொண்டார். நான் துருத்திக்குத் தோல் ஒட்டினேன். ஜெனோவாவின் வேலைக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தோம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது முழு உண்மை இல்லை.

மார்ச் 31, திங்கள்

பள்ளிப் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு நடந்தே போனேன், முக்கால் மணி நேரம். மிஸ் ஓடீல் இருக்கைகளுக்கு இடையே பெருக்கிக்கொண்டிருந்தார். படியில் நின்றபடியே சொன்னேன்.

"எத்தனை?" என்றார்.

"பன்னெண்டு. அதுல ஒண்ணு உடைஞ்சுபோச்சு."

துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஓர் இருக்கையில் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகளின் இருக்கை, முழங்கால் முன்னால் இடித்தது.

"அந்தப் பெட்டி கடையில வாங்கினப்ப உங்க ஃபோன் சொல்ற மாதிரிதான் இருந்துச்சாம். அம்மாவால அதோட சேர்ந்து பாட முடியல. ஒரு தவக்காலம் முழுக்க அப்பா அடுக்களையில உக்காந்து சரி பண்ணினாரு. அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே ஜுரே பாடுவாங்க. அவங்க நிறுத்தினதும் இவரு ஒரு தடவ சுரண்டுவாரு. நான் மேசைக்கடியில உக்காந்து பாத்திருக்கேன்."

அரைகுறை என்று எழுதியது அவர் அப்பாவை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"திரும்ப இறக்கித் தரேன், மிஸ் ஓடீல்."

"எதுக்கு இறக்குவீங்க? யாரு பாடுவா? அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல." சத்தம் போடவே இல்லை. "பிள்ளைங்கள ஏத்தப் போகணும். எறங்கிக்குங்க."

இறங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மிஸ் ஓடீலிடமிருந்து அழைப்பு இல்லை. மேசை மேல் துணி இல்லை, எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மண்டபத்துக்குப் போக வெட்கமாக இருந்தது. போனேன். ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மீன் சாப்பிடவில்லை. சுவர் ஓரமாக நின்று அந்த ஒரு சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். வீடு வரைக்கும் முனகிக்கொண்டே வந்தேன். "இருபது நிமிஷம் பேசாம வா" என்று ஜெனோவாவிடம் கெஞ்சிவிட்டுத்தான் காரில் ஏறினேன். பாதி வழியில் அவளுக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டாள், பாவம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வந்து ஊதினேன். என்னிடம் இருந்த சுரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி தெளிவாகக் கேட்டது. ஒரு ரீடை இறக்கினேன். ஒன்று, ஆனால் சரியாக.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு எங்கள் குடியிருப்பின் வாசலில் மஞ்சள் பேருந்து வந்து நின்றது. அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. மிஸ் ஓடீல் நேராக உள்ளே வந்தார்.

"போன வெள்ளி சுவத்தோரமா முனகிக்கிட்டு நின்னீங்களாமே. அண்ணன் சொன்னாரு."

ஒரு ரீடு முடிந்தது என்றேன். தொடாமல் குனிந்து பார்த்தார். அப்பா போட்ட பென்சில் கோடுகளைப் பார்த்ததும் விரலை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார்.

"நான் பாடறேன். ஆனா அம்மா மாதிரி வராது. சொல்லிட்டேன்."

ஒரே சுரமாக நீட்டிப் பாடச் சொன்னேன். விறைப்பாக, கீபோர்டு மாதிரி வந்தது. பாட்டாகவே பாடினால்தான் அந்த இடத்துக்குப் போகிறார், போனாலும் நிற்பதில்லை, தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதனால் அவரைப் பாத்திரம் கழுவச் சொன்னேன். சங்கடமாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குப் போனார். நேற்றைய குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே பாடினார்.

பாடி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், பேருந்தில் ஏறி, எஞ்சினை முடுக்கிவிட்டுக் கதவை மூடிக்கொள்வார். தவக்காலத்தில் பெட்டியின் குரல் காதில் விழக் கூடாதே. நான் அதற்குள் ஊதிப் பார்த்து ஒரு சுரண்டு. ஜன்னலில் கை காட்டினால் திரும்ப வருவார். இன்று ஏழு தடவை ஏறி இறங்கினார். எங்கள் வீட்டில் கழுவப் பாத்திரமே மிச்சமில்லை.

இரண்டு ரீடு முடிந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

மூன்று ரீடு. மாடிவீட்டுக்காரர் வந்து, பள்ளிக்கூடம் ஏதாவது நடத்துகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டு ரீடு. மிஸ் ஓடீல் இன்று பாதியில் பாட்டை நிறுத்தினார். "அம்மா இதுக்கும் கொஞ்சம் கீழ வைப்பாங்க. எனக்குக் கேக்குது, ஆனா என் குரல் அங்க போக மாட்டேங்குது."

"அவங்க வெச்ச இடத்தச் சொல்ல முடியுமா? அங்கயே இறக்கிடறேன்."

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "அங்க எறக்கிட்டா நான் யாரோட பாடறது?" என்றார். பிறகு குழாயை மூடினார். "என் குரலுக்கே வைங்க."

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மூன்று ரீடு. உடைந்தது போகப் பதினொன்றும் முடிந்தது. காந்தாரம் வரும் மூன்றில் நடுப் பொத்தானில் நான்குக்குப் பதில் மூன்றுதான் பேசும். அந்த ஓட்டையைத் தோலால் அடைத்தேன். அடைத்தது தெரியும்படியே விட்டேன்.

ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று அட்டையில் எழுதி உள்ளே ஒட்டியிருக்கிறேன். எண் இல்லை. "அந்தப் பாட்டின் இரண்டாம் வரி, இறங்கும் இடம்" என்பது மாதிரி. தமிழில்தான் எழுதியிருக்கிறேன். என்றைக்காவது யாராவது திறந்து பார்த்துவிட்டு என்னையும் அரைகுறை என்று திட்டட்டும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். ஒன்றும் எழுதுவதற்கில்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள்

மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். வயலில் பிடித்த சிவப்பு நண்டு போன்ற பிராணிகளை மலைமலையாக வேகவைத்து மேசையில் கொட்டியிருந்தார்கள். என்னால் ஒன்றைக்கூடத் தின்ன முடியவில்லை. ஜெனோவா எனக்கும் சேர்த்துத் தின்றாள்.

மிஸ் ஓடீல் பெட்டியை மடியில் வைத்தார். ஞாயிறுகளையும் சேர்த்து நாற்பத்தேழு நாளாக அதை அவர் கேட்கவில்லை. இப்போதுதான், எல்லோர் முன்னிலையிலும், முதன்முதலாகக் கேட்கப்போகிறார்.

முதல் பாட்டு, ஜுரே மெட்டில் ஒன்று. பெட்டி ஆரம்பித்தது. காந்தாரம் வந்தது. அல்ஃபோன்ஸின் ஓப்பனர் தகட்டின்மேல் அப்படியே நின்றது. தங்கையின் பக்கம் குனிந்து அவர் ஏதோ சொன்னார். நான் மேடை ஓரத்தில்தான் நின்றிருந்தேன், எனக்குக் கேட்டது.

"இது அம்மா இல்ல."

"தெரியும்" என்றார் மிஸ் ஓடீல். துருத்தியை நிறுத்தவில்லை. அடுத்த வரியைப் பாடினார். குரலும் பெட்டியும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தன. எது குரல், எது பெட்டி என்று எனக்கே ஒரு கணம் பிரிக்க முடியவில்லை. அல்ஃபோன்ஸ் கொஞ்ச நேரம் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுரண்ட ஆரம்பித்தார். ஜனங்கள் எழுந்து ஆடப்போனார்கள்.

அழுதேன். ஜெனோவா பார்த்தாள், கேலி செய்யவில்லை.

இடைவேளையில் மிஸ் ஓடீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். நல்லா இருக்கு என்று சொல்வார் என எதிர்பார்த்து நின்றேன்.

"மேல் பொத்தான். தள்ளறப்போ. மூணாவது வரிசை கொஞ்சம் ஏறி நிக்குது."

ஏறித்தான் நிற்கிறது. எனக்கும் முதல் பாட்டிலேயே கேட்டது. ஆமாம் என்றேன்.

"இனி சனிக்கிழமை தவறாம வேலை இருக்கு, பெட்டியை விட முடியாது. அடுத்த விபூதிப் புதனுக்குக் கொண்டாரேன்" என்றார். "ஊர்லதான இருப்பீங்க?"

"இருப்பேன், மிஸ் ஓடீல்" என்றேன்.